மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பசுமைக் கட்டடச் சான்றிதழ்: வாயுக் கணக்கிலிருந்து விண்ணப்பம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இவ்வழிகாட்டி மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற இடங்களில் இரண்டு மாடி அலுவலகமோ பயிற்சி நிலையமோ சிறு விடுதியோ கட்டத் திட்டமிட்டு, அதற்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற விரும்புவோருக்காக எழுதப்படுகிறது. உரிமையாளர், கட்டடக்கலைஞர், கணிய அளவையாளர், நிறுவனத்தில் ஆவணங்களைப் பொறுப்பேற்கும் அலுவலர் ஆகிய நால்வரும் சேர்ந்து வாசித்தால் பயன் கூடும்.

புதிதாக இதில் இறங்குவோர் சான்றிதழின் புள்ளிப் பட்டியலைக் கையில் எடுத்து, எளிதில் கிடைக்கும் புள்ளிகளை முதலில் குறித்துக்கொண்டு, பச்சைவீட்டு வாயுக் கணக்கை, அதாவது கட்டடத்தைக் கட்டுவதாலும் பாவிப்பதாலும் எவ்வளவு பச்சைவீட்டு வாயு வெளியாகிறது என்ற கணக்கை, கட்டடம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த ஒழுங்கு தலைகீழானது. எந்தப் புள்ளிக்குப் பணம் செலவழிப்பது தகும் என்பதை வாயுக் கணக்கே காட்டும். அதை முதலில் போடாதவர்கள் சான்றிதழைப் பெற்றுவிடுவதுண்டு. ஆனால் அவர்களுடைய கட்டடத்தின் வெளியேற்றம் அதனால் பெரிதாகக் குறைவதில்லை.

1. எந்தச் சான்றிதழ் என்பதை வரைபடத்துக்கு முன்பே தீர்மானித்தல்

இலங்கையில் நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. இலங்கைப் பசுமைக் கட்டடச் சபை தனது ‘கிறீன்எஸ்எல்’ தரப்படுத்தல் முறையின்கீழ் சான்றிதழ் வழங்குகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனியான பசுமைக் கட்டட வழிகாட்டல்கள் உள்ளன. அரச கட்டடமாயின் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுவே. அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபையின் ‘லீட்’ முறையும், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தின் ‘எட்ஜ்’ முறையும் வெளிநாட்டு வழிகள்.

இவற்றின் உள்ளமைப்பு ஒன்றல்ல. லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 புள்ளி பெற்றால் அடிப்படைச் சான்றிதழ், 50 வெள்ளி, 60 தங்கம், 80 பிளாட்டினம். எட்ஜ் முறையில் புள்ளிகள் இல்லை; சக்தி, நீர், கட்டுமானப் பொருட்களில் பொதிந்துள்ள (அவற்றைத் தயாரிக்கும்போது செலவான) சக்தி அல்லது (வெளியான) காபன் ஆகிய மூன்றிலும், வழமையான கட்டடத்தோடு ஒப்பிடுகையில் குறைந்தது 20 வீதம் சேமிப்புக் காட்ட வேண்டும். ஒன்றில் 50 வீதம் சேமித்துவிட்டு இன்னொன்றில் 15 வீதத்தோடு நின்றால் சான்றிதழ் கிடையாது.

சிறிய கட்டடத்துக்கு, எந்த முறைக்கு விண்ணப்பிப்பதாயினும், எட்ஜ் மென்பொருளில் ஒருமுறை தரவுகளை இட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். அது இலவசம்; சுவரின் நிறம், கண்ணாடியின் அளவு, கூரைக் காப்பு ஆகியவற்றை மாற்றும்போது சேமிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை உடனே காட்டும். 2025 ஏப்ரலில் வெளியான லீட் ஐந்தாம் பதிப்பு, கட்டுமானப் பொருட்களின் காபனையும் பயன்பாட்டுக் காலக் காபனையும் மதிப்பிடுவதைக் கட்டாய முன்நிபந்தனையாக்கியுள்ளது. ஆகவே, வாயுக் கணக்கை முதலில் போடுவது அந்த வழியில் செல்வோருக்கு விதியாகவே ஆகிவிட்டது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காணியின் நில அளவைப் படமும் அனுமதிகளும் முதலில் வேண்டும். கரையோரக் காணியாயின், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றருக்குள் வரும் பகுதி கரையோர வலயம் என்பதால், கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். களப்பை ஒட்டிய காணிகளுக்கும் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். களப்பு கடல் அல்ல என்று எண்ணி, அடித்தளம் போட்ட பிறகு விசாரித்து இடர்ப்பட்டவர்கள் பலர். காணி அனுமதியில் குறையுள்ள கட்டடத்துக்கு எந்தத் தரப்படுத்தல் முறையும் உதவாது.

நிறுவனம் இப்போது இயங்கும் பழைய கட்டடத்தின் மின்சாரப் பட்டியல்கள், நீர்ப் பட்டியல்கள், மின்பிறப்பாக்கிக்கு வாங்கிய டீசல் பற்றுச்சீட்டுகள், குளிரூட்டிகளைத் திருத்திய பட்டியல்கள், சமையல் எரிவாயு வாங்கிய விவரம் ஆகியவை குறைந்தது 12 மாதங்களுக்கு வேண்டும். புதிய கட்டடத்தின் பாவனையை ஊகிப்பதற்கு இவற்றைவிட நம்பகமான ஆதாரம் கிடையாது.

எரிபொருள் நிலையங்களில் தரும் வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகளை நம்பிக் கோப்பில் குத்தி வைக்கக் கூடாது. நமது வெக்கையில் சில மாதங்களிலேயே அவற்றின் எழுத்து முற்றாக மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். சரிபார்ப்பவர் கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இராது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து, திகதியையும் லீற்றரையும் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.

3. எல்லையையும் அடிப்படை ஆண்டையும் வகுத்தல்

வாயுக் கணக்குக்கு உலகெங்கும் பின்பற்றப்படுவது பச்சைவீட்டு வாயு நெறிமுறையின் நிறுவனத் தரமும், ஐ.எஸ்.ஓ. 14064-1 தரமும் ஆகும். நெறிமுறை வெளியேற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. நமது கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் நேரடியாக வெளியாவது ஸ்கோப் 1; வாங்கும் மின்சாரத்தின் பின்னால் இருப்பது ஸ்கோப் 2; நாம் வாங்கும் பொருட்கள், ஊழியர் பயணம், கழிவு முதலிய ஏனையவை ஸ்கோப் 3.

சிறு நிறுவனங்களுக்கு ‘செயற்பாட்டுக் கட்டுப்பாடு’ என்ற எல்லையே பொருத்தமானது: எந்தக் கட்டடத்தை, எந்த இயந்திரத்தை நாம் இயக்குகிறோமோ அது நம் கணக்கில் வரும். கீழ்மாடியை வங்கிக்கோ கடைக்கோ வாடகைக்கு விடுவதாயின், அவர்களுக்குத் தனி மின்மானி வைக்க வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். ஒரே மானியில் இருவர் பாவித்தால், பிறகு எவ்வளவு முயன்றும் கணக்கைப் பிரிக்க முடியாது.

பின்வரும் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படை ஆண்டாக 2020, 2021, 2022 ஆகியவற்றை எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். முதல் இரண்டும் பெருந்தொற்றுக் காலம். 2022இல் டீசலுக்கு வரிசை நின்றோம். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த ஆண்டின் மின்பாவனை இயல்பைவிடக் குறைவாகவே இருக்கும். அதை அடிப்படையாக வைத்தால், பின்வரும் ஆண்டுகளில் நீங்கள் உண்மையாகச் சேமித்தாலும் கூடியதாகவே தோன்றும்.

4. பயன்பாட்டுக் காலக் கணக்கைப் போடுதல்

மின்சாரத்தில் தொடங்குங்கள். பட்டியலிலுள்ள மின் அலகுகளை ஆண்டுக்குக் கூட்டி, இலங்கை நிலைபெறுதகு வலுச்சக்தி அதிகாரசபை ஆண்டுதோறும் வெளியிடும் சக்திச் சமநிலை அறிக்கையிலுள்ள வெளியேற்றக் காரணியால் (ஓர் அலகு மின்சாரத்துக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டின் அளவு) பெருக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்து நீர்மின் கூடிய ஆண்டில் காரணி குறையும். வரட்சியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலும் எண்ணெய் மின்நிலையங்களிலும் கூடுதலாகத் தங்கியிருக்கும்போது ஏறும். எனவே எந்த ஆண்டின் பாவனையோ அந்த ஆண்டின் காரணியையே பயன்படுத்த வேண்டும்.

இதில் அடிக்கடி நிகழும் பிழை ஒன்று: அவ்வறிக்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் இருக்கும். செயற்பாட்டு விளிம்பு, கட்டுமான விளிம்பு, இணைந்த விளிம்பு என்பன புதிய மின்திட்டங்களின் காபன் சேமிப்பைக் கணிப்பதற்கானவை. நிறுவனத்தின் ஸ்கோப் 2 கணக்குக்கு உரியது சராசரிக் காரணி. அட்டவணையில் கண்ணுக்கு முதலில் படுவதை எடுத்துவிட்டால் முழுக் கணக்கும் கூடிப்போகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கட்டடத்தை வைத்துக்கொள்வோம்: களப்போரத்தில் 400 சதுர மீற்றர் பரப்புள்ள இரண்டு மாடி அலுவலகம், 25 ஊழியர்கள், மாதம் 1,800 மின் அலகு. கணக்கு எளிமைக்காகக் காரணியை அலகுக்கு 0.5 கி.கி. என எடுத்தால், ஆண்டுக்கு 21,600 அலகு. வெளியேற்றம் 10,800 கி.கி., அதாவது 10.8 தொன். உங்கள் கணக்கில் 0.5 இற்குப் பதிலாக அவ்வாண்டின் உண்மைக் காரணியை இட வேண்டும்.

மின்பிறப்பாக்கிக்கு மாதம் 60 லீற்றர் டீசல் எனில் ஆண்டுக்கு 720 லீற்றர். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கி.கி. காபனீரொட்சைட்டு வெளியாகும், ஆக 1.93 தொன். தேநீர் அறையில் 12.5 கி.கி. எரிவாயுச் சிலிண்டர் பாவித்தால், கிலோவுக்கு ஏறத்தாழ 3 கி.கி. வீதம் சேர்த்துக்கொள்ளலாம், அது சிறு தொகையே. விறகில் சமைக்கும் விடுதிகள், விறகிலிருந்து வரும் காபனீரொட்சைட்டைத் தனி வரியில் காட்டி, மீதேனையும் நைதரசு ஒட்சைட்டையும் மட்டும் ஸ்கோப் 1 இல் சேர்க்க வேண்டும்.

மலசலகூடக் குழியிலிருந்து வெளிவரும் மீதேனை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 100 ஆண்டுக் கணக்கில் மீதேன் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு வலிமையுடையது. அலுவலகத்தில் இத்தொகை சிறிது, விடுதியில் அப்படியல்ல.

5. குளிரூட்டி வாயு: கரையோரத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது

நம் கரையோரக் கட்டடங்களில் மிகப் பெரிய கவனக்குறைவு நிகழும் இடம் இதுதான் என்பதால், இதற்குக் கூடுதல் இடம் ஒதுக்குகிறேன்.

குளிரூட்டியின் வெளிப்புற அலகு கடற்காற்றில் நிற்கிறது. உப்பு ஈரம் அதன் அலுமினியத் தகட்டு வரிசையில் படிந்து, வெண்மையான பொடியாகப் பூத்து, கைபட்டால் உதிரும் அளவுக்கு அதை அரித்துவிடும். பிறகு செப்புக் குழாய் இணைப்புகளில் நுண்ணிய கசிவு தோன்றும். குளிர் குறைகிறது என்று அழைத்தால், திருத்துநர் வந்து வாயு நிரப்பிவிட்டுப் போவார், கசிவை அடைப்பதில்லை. அடுத்த ஆண்டும் அதே கதை. பட்டியலில் ‘சேர்விஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். எத்தனை கிலோ, எந்த வாயு என்பது இராது.

மேற்சொன்ன அலுவலகத்தில் ஆண்டுக்கு 3 கி.கி. ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு நிரப்பப்பட்டது எனக் கொள்வோம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காம் மதிப்பீட்டறிக்கைப்படி இவ்வாயுவின் வெப்பமாக்கும் ஆற்றல் காபனீரொட்சைட்டைப்போல் 2,088 மடங்கு. ஆகவே 3 கிலோ கசிவு 6,264 கி.கி. காபனீரொட்சைட்டுக்குச் சமம். முழு ஆண்டின் மின்சாரத்தால் வந்ததில் பாதிக்கும் மேல், டீசலால் வந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அதே அளவு ஆர்-32 கசிந்திருந்தால், அதன் ஆற்றல் 675 என்பதால், 2,025 கி.கி. மட்டுமே.

இங்கிருந்து மூன்று முடிவுகள் பிறக்கின்றன. புதிய குளிரூட்டிகளை வாங்கும்போது ஆர்-32 அல்லது அதனிலும் குறைந்த ஆற்றலுள்ள வாயுவில் இயங்குபவற்றைக் கேள்விப் பத்திரத்தில் (ரெண்டர்) பெயர் குறித்துக் கேட்க வேண்டும். வெளிப்புற அலகுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா எனப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டும் சுவரில், கழுவக்கூடிய உயரத்தில் பொருத்த வேண்டும். நன்னீரால் அடிக்கடி கழுவுவதே மலிவான பாதுகாப்பு. திருத்துநருடனான பராமரிப்பு ஒப்பந்தத்தில், வாயுவின் பெயரும் நிரப்பிய கிலோகிராமும் கசிவு கண்டுபிடிக்கப்பட்ட இடமும் எழுதப்படாத பட்டியலுக்குப் பணம் செலுத்தப்படாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

பழைய கட்டடத்தில் ஆர்-22 குளிரூட்டிகள் இருந்தால் ஒரு நுணுக்கம் உண்டு. அது ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் கைவிடப்பட்டுவரும் வாயு. கியோட்டோ உடன்படிக்கையின் பச்சைவீட்டு வாயுப் பட்டியலில் இல்லாததால் ஸ்கோப் 1 மொத்தத்தில் சேராது, தனியாக அறிக்கையிடப்பட வேண்டும். மொத்தத்தில் சேராது என்பதற்காக முற்றாக மறைத்துவிடுவதும், தெரியாமல் மொத்தத்தில் சேர்த்துவிடுவதும் இரண்டுமே சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படும்.

6. கட்டுமானப் பொருட்களின் கணக்கு

கணிய அளவையாளரின் கணியப் பட்டியல் தயாரானதும், கேள்வி கோருவதற்கு முன், இக்கணக்கைப் போட வேண்டும். கேள்வி கோரிய பிறகு சீமெந்து வகையை மாற்றினால் கொந்தராத்துக்காரர் மேலதிகப் பணம் கேட்பார். அதற்கு முன்பாயின் பெரும்பாலும் செலவின்றியே மாற்றலாம்.

எல்லாப் பொருளையும் ஒரே கவனத்தோடு கணக்கிடப் புகுந்து களைத்துப் போகாதீர்கள். சீமெந்தும் இரும்புக் கம்பியும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நமது எடுத்துக்காட்டில் 1,600 பை சீமெந்து எனில் 80 தொன். சாதாரண போட்லண்ட் சீமெந்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 0.85 கி.கி. என எடுத்தால் 68 தொன் வெளியேற்றம். கட்டடத்தில் விளக்குப் போடுமுன்பே, ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்கு ஈடானது வெளியாகிவிடுகிறது. கம்பி 16 தொன்னுக்கு, கிலோவுக்கு 2 கி.கி. வீதம், மேலும் 32 தொன்.

சீமெந்தில் ஏன் இவ்வளவு? சூளையில் எரிபொருள் எரிவதால் வருவது ஒரு பகுதியே. சுண்ணாம்புக்கல் சுடப்பட்டுச் சுண்ணாம்பாகும்போது கல்லுக்குள் இருந்த காபனீரொட்சைட்டே வெளியேறுகிறது, பெரும்பங்கு அதுதான். எனவே எரிபொருளை மாற்றுவதைவிட, சீமெந்துக்குள் இருக்கும் கிளிங்கரின் (சூளையில் சுட்டெடுத்து, பின் அரைக்கப்படும் கட்டி) அளவைக் குறைப்பதே பலன் தரும். எஸ்.எல்.எஸ். எனப்படும் இலங்கைத் தரங்களில், எஸ்.எல்.எஸ். 107 என்பது சாதாரண போட்லண்ட் சீமெந்து, எஸ்.எல்.எஸ். 1247 என்பது கலப்பு நீரியற் சீமெந்து. பின்னதில் அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவை கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாகின்றன. உப்பும் ஈரமும் கம்பியை அரிக்கும் நமது கரைக்கு, சாம்பல் கலந்த சீமெந்து நீடித்த உழைப்பிலும் ஏற்றது.

ஒரு நிபந்தனை: கலப்புச் சீமெந்து உறுதி பெறுவது மெதுவாக. கொங்கிறீற்றை நீண்ட நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். கொங்கிறீற்றைத் தாங்கும் பலகையையும் பொறியியலாளர் சொல்லும் நாளுக்கு முன் கழற்றக் கூடாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கொங்கிறீற்று போட்டால், காலையில் போட்ட தட்டு மதியத்துக்குள் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புக் காணும். அதிகாலையில் போட்டு, மேற்பரப்பு இறுகத் தொடங்கியதும் ஈரச் சாக்கால் மூடி, சாக்குக் காயாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத தளத்தில் சீமெந்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

போக்குவரத்து பற்றிப் பலர் மிகையாகக் கவலைப்படுகிறார்கள். திருகோணமலையிலிருந்து 80 தொன் சீமெந்து ஏறத்தாழ 135 கிலோமீற்றர் லொறியில் வந்தால், தொன்-கிலோமீற்றருக்கு (ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல) 0.1 கி.கி. என எடுத்தாலும், வெளியேற்றம் 1 தொன்னைச் சற்றே தாண்டும். 68 தொன்னுக்கு முன் இது சிறிது. மேலும், திருகோணமலை ஆலை இறக்குமதி செய்யப்பட்ட கிளிங்கரை அரைப்பது. லீட் நான்காம் பதிப்பு, பொருள் அகழப்பட்ட இடம், செய்யப்பட்ட இடம், வாங்கப்பட்ட இடம் மூன்றும் 160 கிலோமீற்றருக்குள் இருந்தால்தான் உள்ளூர்ப் பொருளாக மதிக்கும். ஆலை அருகில் இருப்பதை வைத்து உள்ளூர்ப் புள்ளி கோருவோர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ஆற்று மணல், கருங்கல், உள்ளூர்ச் செங்கல் ஆகியவற்றுக்கு அப்புள்ளியைக் கோரலாம். மணலுக்கும் கல்லுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரப் பிரதி கோப்பில் இருக்க வேண்டும்.

பழைய வீடுகளை உடைக்கும்போது கிடைக்கும் முதிரை, தேக்கு நிலைகளையும் கதவுகளையும் மீளப் பயன்படுத்துவது வாயுக் கணக்கிலும் புள்ளியிலும் உதவும். நம் பகுதியில் அவை இன்னும் கிடைக்கின்றன. உப்புக்காற்றில் பல பத்தாண்டுகள் நின்று தம்மை நிரூபித்த மரங்கள் அவை.

7. வரைபடத்தை வெயிலுக்கும் கச்சானுக்கும் ஏற்ப அமைத்தல்

மட்டக்களப்பு வட அகலாங்கு 7.7 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே. வெளிநாட்டு நூல்கள் தென்பக்கத்துக்கு மட்டும் நிழல் தரச் சொல்லும். அதை அப்படியே பின்பற்றினால், மிக வெக்கையான மாதங்களில் வடக்குச் சன்னல்கள் வழியே வெயில் உள்ளே வரும். இங்கு வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் கூரை நீட்டம் வேண்டும்.

நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க, குறுகிய சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கக் கட்டடத்தை வைப்பது சிறப்பு. மேற்குச் சுவரில் படிக்கட்டு, மலசலகூடம், களஞ்சியம் ஆகியவற்றை வைத்தால், பிற்பகல் வெயிலையும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சானையும் அவை தாங்கிக்கொள்ளும். கிழக்கே கடற்காற்றுக்குத் திறப்பு வேண்டும். காணி ஒடுங்கியிருந்து இவ்வாறு திருப்ப இயலாவிட்டால், கூரைக் காப்புக்கும் மேற்குச் சுவர் நிழலுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். கண்ணாடியை உயர்தரமாக்குவது அதற்குப் பிறகு.

சக்தி தொடர்பான தேவைகளை நிலைபெறுதகு வலுச்சக்தி அதிகாரசபையின் கட்டடச் சக்தி வினைத்திறன் கோவையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கட்டடக்கலைஞரையும் மின்பொறியியலாளரையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும். நிழல் நன்றாக அமைந்தால் குளிரூட்டியின் கொள்ளளவு குறையும். கட்டடக்கலைஞர் நிழலைக் கூட்டிய பிறகும் பொறியியலாளர் பழைய சூத்திரத்தில் பெரிய இயந்திரத்தையே எழுதினால், சேமிப்பின் பெரும்பகுதி கைநழுவும். பெரிய இயந்திரத்தில் வாயுவும் கூடுதலாகவே இருக்கும்.

8. நீர்

மழைநீர்ச் சேகரிப்பை ஆண்டுச் சராசரியில் கணக்கிடுவதே இங்கு பொதுவான பிழை. 200 சதுர மீற்றர் கூரையில், ஆண்டு மழை சுமார் 1,600 மி.மீ. எனவும் அதில் 80 வீதம் சேரும் எனவும் கொண்டால், 256,000 லீற்றர் வருகிறது. தாளில் இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் அதன் பெரும்பகுதி வாடைக் காலத்தின் சில மாதங்களில் கொட்டிவிடும். 25 ஊழியருக்கு ஆளுக்கு 45 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 1,125 லீற்றர் தேவையெனில், நிரம்பிய 20,000 லீற்றர் தொட்டி ஏறத்தாழ 18 நாட்களே தாங்கும். எனவே மாதவாரியாகக் கணக்கிட்டு, மழைநீரை மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும் ஒதுக்கி, நீர் குறைவாகச் செல்லும் குழாய்களையும் இரட்டைப் பொத்தான் தொட்டிகளையும் முதலில் பொருத்த வேண்டும். தேவையைக் குறைத்த பிறகே தொட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

9. பதிவு, ஒப்பந்த வாசகங்கள், தள ஆவணங்கள்

விண்ணப்பத்தைக் கேள்வி கோருவதற்கு முன் பதிவு செய்யுங்கள். காரணம் எளிது: கட்டுமானக் காலத்தில் மட்டுமே திரட்டக்கூடிய ஆதாரங்கள் பல உள்ளன, அவற்றைத் திரட்டும் கடமை கொந்தராத்துக்காரரின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நல்லெண்ணத்தை நம்பி விட்டால், கம்பி கட்டும் அவசரத்தில் எவரும் விநியோகச் சீட்டைத் தேட மாட்டார்கள்.

லீட் முறையில், தளத்து மண் அரித்துச் செல்லாமல் தடுப்பது முன்நிபந்தனை. அது இல்லாவிட்டால் எத்தனை புள்ளி இருந்தாலும் சான்றிதழ் இல்லை. நம் மணற்பாங்கான நிலத்தில் கார்த்திகை மழை ஒரே இரவில் தோண்டிய மண்ணைக் களப்புக்கு இழுத்துச் சென்றுவிடும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே வேலியோரத் தடுப்பும் வடிகால் பொறியும் அமைத்து, திகதி பதிந்த படங்களை எடுக்க வேண்டும். மழை முடிந்து எடுத்த படத்தை ஏற்கமாட்டார்கள்.

சீமெந்துப் பையில் அச்சிட்ட எஸ்.எல்.எஸ். இலக்கம், கம்பிக் கட்டின் அடையாளத் தகடு, வர்ணப் பேணியின் முகப்பு ஆகியவற்றை ஒவ்வொரு விநியோகத்திலும் படமெடுப்பதற்குத் தளத்துக் களஞ்சியப் பொறுப்பாளருக்கு ஒரு கைப்பேசியும் அதற்கான சிறு மேலதிகக் கொடுப்பனவும் கொடுத்துவிடுவது சிறந்தது. மழைக்காலத்தில் விநியோகச் சீட்டின் மை ஊறிவிடும். படம் மட்டுமே மிஞ்சும். உடைசல், பலகைத் துண்டு, கம்பித் துண்டு ஆகியவை எங்கே, எவ்வளவு சென்றன என்பதற்கு நிறைச்சீட்டு வேண்டும். ‘பழைய இரும்புக்காரர் எடுத்துச் சென்றார்’ என்ற வாசகம் ஆதாரமாகாது.

10. கூரைச் சூரிய மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்கும் முறை

சூரியத் தகடுகளைப் பொருத்துவதற்கு முன் பாவனையைக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கணக்கு முறையிலேயே குழப்பம் அதிகம். தகட்டிலிருந்து நேரடியாக நாம் பாவித்ததற்கு வெளியேற்றம் இல்லை. மின்வலையமைப்பிலிருந்து எடுத்த ஒவ்வோர் அலகுக்கும் காரணியால் பெருக்க வேண்டும். வலையமைப்புக்கு நாம் அனுப்பியதை ஸ்கோப் 2 இலிருந்து கழிக்கக் கூடாது. அதைத் தனித் தகவலாகக் காட்டலாம். ‘நெற் மீற்றரிங்’ (வலையமைப்புக்கு அனுப்பியதை எடுத்ததிலிருந்து கழித்துக் கட்டணம் கணிக்கும் முறை) பட்டியலில் செலுத்த வேண்டிய தொகை பூச்சியமாக வருவதைக் கண்டு, வெளியேற்றமும் பூச்சியம் என எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. பட்டியலில் இறக்குமதி அலகு என்ற வரியையே பார்க்க வேண்டும்.

அவ்வாறே மரநடுகையும். களப்போரத்தில் கண்டல் நடுவது மிக நல்ல செயல், வேண்டிய செயல். ஆயினும் அதை நிறுவனத்தின் மொத்த வெளியேற்றத்திலிருந்து கழித்து எழுத இடமில்லை.

11. சமர்ப்பிப்பும் சரிபார்ப்பும்

எட்ஜ் முறையில் வரைபட நிலையில் முதற்கட்டச் சான்றிதழும், கட்டி முடித்தபின் இறுதிச் சான்றிதழும் உள்ளன. முதற்கட்டத்தைப் பெற்றுவிடுவது வங்கிக் கடன் பேச்சில் உதவும். எந்த முறையாயினும், சமர்ப்பிக்குமுன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் உறை: கணிப்பு, வரைபடம், பற்றுச்சீட்டு, படம். வரைபடத்தில் ஒரு பரப்பளவும் கணிப்பில் இன்னொன்றும் இருப்பதே திருப்பி அனுப்பப்படுவதற்கான முதற்காரணம். கடைசி நேரத்தில் ஒரு சுவர் நகர்ந்திருந்தால் எல்லா உறைகளிலும் அதைத் திருத்த வேண்டும்.

வாயுக் கணக்குக்குத் தனியான சரிபார்ப்பு வேண்டுமாயின், சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள இலங்கை காலநிலை நிதியம் ஐ.எஸ்.ஓ. 14064 அடிப்படையில் அதைச் செய்கிறது. கட்டடச் சான்றிதழும் இச்சரிபார்ப்பும் வேறு வேறானவை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. முன்னது கட்டடம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதற்கு, பின்னது நிறுவனம் ஓர் ஆண்டில் எவ்வளவு வெளியேற்றியது என்பதற்கு.

12. குடியேறிய பின்

திறப்பு விழாவுக்கு முன், குளிரூட்டி, நீர்ப்பம்பி, விளக்குக் கட்டுப்பாடு, சூரிய மின்மாற்றி (இன்வேர்ட்டர்) ஆகிய ஒவ்வொன்றையும் வடிவமைத்தபடி இயங்குகின்றனவா எனப் பொறியியலாளர் சோதித்து ஒப்பமிட வேண்டும். முதல் மாதம் முதல், ஒரே நாளில் எல்லா மானிகளையும் வாசித்து எழுதுவதற்குப் பெயர் குறித்த ஒருவர் வேண்டும். அவர் விடுமுறையில் செல்லும்போது எழுதுபவர் யார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குளிரூட்டிப் பதிவேடு தனியாக இருக்கட்டும்: அலகு எண், வாயு, நிரப்பிய கிலோ, கசிந்த இடம், அடைத்த திகதி. ஒரே அலகு இரண்டாம் முறை வாயு கேட்டால், நிரப்பாமல் முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

ஓர் ஆண்டு நிறைந்ததும், வரைபட நிலையில் ஊகித்த மின்பாவனையையும் உண்மைப் பாவனையையும் மாதவாரியாக அருகருகே வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வித்தியாசம் கூடினால் நிழலையும் கூரைக் காப்பையும் பாருங்கள். ஆண்டு முழுவதும் சீராகக் கூடினால் இயந்திரங்கள் அணைக்கப்படாமல் கிடக்கின்றனவா எனப் பாருங்கள். புதிய மாடி சேர்ந்தாலோ, வாடகைப் பகுதி நம் கட்டுப்பாட்டுக்கு வந்தாலோ, அடிப்படை ஆண்டுக் கணக்கையும் அதே எல்லைக்குள் திருத்தி எழுத வேண்டும். எவ்வளவு வீத மாற்றத்துக்கு மேல் திருத்துவது என்ற வரம்பை, பொதுவாக 5 வீதம், முதல் அறிக்கையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.